வெள்ளை போர்டு கார், சொந்த வியாபாரம், ஞாயிறு வாடகை: இன்ஷூரன்ஸ் எதுவரை செல்லும்?

ஈரோடு_ஜவுளி

வணக்கங்க. ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். வண்டி வேகன் ஆர், பெட்ரோல், 1197 சிசி, டிரைவரோடு ஐந்து சீட். ஆர்.சி. என் பேரில், வெள்ளை போர்டு. பிரைவேட் கார் பேக்கேஜ் பாலிசி (வண்டிச் சேதம், மூன்றாம் நபர் இழப்பீடு இரண்டும் சேர்ந்தது), நில் டிப்ரிசியேஷன் (பம்பர் டு பம்பர்) சேர்த்தது, 45 சதவீதம் நோ கிளைம் போனஸ். அடுத்த மாதம் ரினியூவல்.

வண்டி நாலு விதமாக ஓடுகிறது, அல்லது ஓடப் போகிறது:

1. சாம்பிள் பீஸ் எடுத்துக்கொண்டு ஆர்டர் பிடிக்கச் சேலம், திருச்சி வரை போவது.
2. வாரத்தில் சில நாள் பின் சீட்டை மடித்துப் பண்டல் ஏற்றிக் கடைகளுக்கு டெலிவரி.
3. கடையில் வேலை செய்யும் இரண்டு பேர் கூட வருவார்கள். அதில் ஒருவர்தான் பெரும்பாலும் ஓட்டுவார். மாதச் சம்பளம், கார் லைசென்ஸ் இருக்கிறது.
4. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த டிராவல்ஸ்காரர் கோயில் டிரிப், கல்யாண டிரிப்புக்குக் கேட்கிறார். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தருவார். இது இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஏஜென்ட்டைக் கேட்டால் "பம்பர் டு பம்பர் போட்டிருக்கு, எல்லாமே கவர்" என்கிறார். இந்த நாலில் எது செல்லும், எது செல்லாது? ரினியூவலில் என்ன சேர்க்கச் சொல்ல வேண்டும்?

---

பாலிசி_ஷெட்யூல்

பம்பர் டு பம்பர் என்பது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதமும் ஃபைபருக்கு 30 சதவீதமும் கழிப்பார்கள். வண்டியை எந்த வேலைக்கு ஓட்டலாம் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. உங்கள் ஏஜென்ட் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

ஷெட்யூலில் (பாலிசியின் விவரத் தாள்) "லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்" (உபயோக வரம்பு) என்று ஒரு பத்தி இருக்கும், எடுத்துப் பாருங்கள். பிரைவேட் கார் பாலிசிக்கு இந்தியா முழுக்க ஒரே வாசகம்தான். சில வேலைகளைத் தவிர மற்ற எதற்கும் வண்டியைப் பயன்படுத்தலாம் என்று தொடங்கி, விலக்குகளைச் சொல்லும்: வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது (சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும் பரவாயில்லை), ரேஸ், வேகச் சோதனை வகையறா, வண்டி வாங்கி விற்கும் தொழில், மெக்கானிக் ஷெட் போன்ற மோட்டார் டிரேட். வெளிநாடுகளில் இருப்பது போல "பிசினஸ் யூஸ்" என்று தனியாக டிக் அடிக்கும் கட்டம் இங்கே கிடையாது. சொந்த வியாபாரத்துக்காக ஓட்டுவது விலக்கில் இல்லை. அந்த வியாபாரத்தில் வண்டிக்குள் என்ன ஏறுகிறது, யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

உங்கள் முதல் உபயோகத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சாம்பிள் என்ற சொல்லே பாலிசியில் இருக்கிறது. ஆனால் சாம்பிள் என்றால் சாம்பிள் அளவுதான். டிக்கி நிறையப் பில் போட்ட சரக்கு வைத்துக்கொண்டு சாம்பிள் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது நேரடியாக விலக்கில் விழுகிறது. "என் சொந்தச் சரக்குதானே, கூலிக்கு ஏற்றவில்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசி சரக்கு யாருடையது என்று பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டமும் அப்படித்தான்: சரக்குக்காகவே கட்டப்படாத வண்டியாக இருந்தாலும், சரக்கு ஏற்றப் பயன்படுத்தும்போது அது பிரிவு 2(14) சொல்லும் சரக்கு வாகன வரையறைக்குள் வந்துவிடும்.

மூன்றாவதில்தான் யாரும் கவனிக்காத ஓட்டை இருக்கிறது. பேக்கேஜ் பாலிசியில் காரில் உட்கார்ந்து வருபவர்களுக்கு ஏற்படும் காயம், மரணம் கவர் ஆகும். ஆனால் முதலாளியின் வேலையாக வண்டியில் வரும் ஊழியருக்கு நேர்ந்தால், சட்டம் கட்டாயப்படுத்தும் அளவைத் தாண்டிக் கம்பெனி பொறுப்பேற்காது என்று அந்தக் கவரைச் சொல்லும் பத்தியிலேயே எழுதியிருக்கும். இழப்பீடு கேட்டு அவர் குடும்பம் வருவது முதலாளியான உங்களிடம். இதை அடைக்க இரண்டு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் விதி, ஐ.எம்.டி. என்ற எண்ணோடு வரும்) உண்டு: சம்பள டிரைவருக்கு ஐ.எம்.டி. 28, கூட வரும் மற்ற ஊழியர்களுக்கு ஐ.எம்.டி. 29. இரண்டுக்கும் தலைக்கு 50 ரூபாய் அளவுதான் பிரீமியம். கேட்டால்தான் போடுவார்கள். ஆன்லைனில் ரினியூ செய்யும்போது 28-க்கு டிக் இருக்கும், 29 பல தளங்களில் கண்ணில் படாது. கிளை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பாலிசி வந்ததும் ஷெட்யூலில் இரண்டு எண்களும் அச்சாகியிருக்கிறதா, எத்தனை பேர் என்று எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

15 லட்சம் ரூபாய் ஓனர்-டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் உங்களுக்கு மட்டும்தான். ஊழியர் ஓட்டும்போது அவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

நாலாவது: வெள்ளை போர்டோடு செய்யாதீர்கள். இதில் நடுவழி கிடையாது.

---

கொங்கு_வண்டிகள்

நாலாவதுக்கு ஒன்று சேர்க்கிறேன். மஞ்ச போர்டு மாத்துனாலும், ஓட்டுறவருக்கு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ், பேட்ஜ் இல்லேன்னா கிளைம் மொத்தமா போயிடும். கார் லைசென்ஸ் மட்டும் வெச்சுட்டு டேக்ஸி ஓட்ட விடாதீங்க.

---

சேத_மதிப்பீடு

மேலே உள்ளது இப்போது சரியில்லை. எல்.எம்.வி. (கார் போன்ற இலகு வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் உள்ள டிரான்ஸ்போர்ட் வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. அதை எதிர்த்துப் பெரிய அமர்வுக்குப் போனபோது, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் அதையே உறுதி செய்தது. டேக்ஸி கிளைமை அந்த ஒரு காரணத்துக்காக மறுக்க முடியாது. பேட்ஜ் விஷயம் ஆர்.டி.ஓ., போலீஸ் சோதனைக்கு வேறு. கிளைமுக்கு அதைக் காரணமாகக் காட்டி மறுப்புக் கடிதம் வந்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பதில் எழுதுங்கள்.

ஞாயிறு டிரிப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் இரண்டு பக்கமும் போகும்.

முதல் பக்கம், உங்கள் வண்டிக்கு ஆகும் சேதம். வாடகைக்கு ஓடியது தெரிந்தால் கம்பெனி மறுப்புக் கடிதம் அனுப்பும். இதில் ஓரளவு வழி உண்டு. 2010-ல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டியை வாடகைக்கு விட்டார் என்பதற்காக ஓன் டேமேஜ் கிளைமை முழுதாக மறுக்கக் கூடாது, நான்-ஸ்டாண்டர்ட் முறையில் (விதி மீறலுக்காக ஒரு பகுதியைக் கழித்து மீதியைத் தருவது) பார்க்க வேண்டும் என்றது. உபயோக வரம்பு மீறலுக்கு அந்த முறையில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை. "வரை" என்பதைக் கவனியுங்கள். அதுவும் நுகர்வோர் ஆணையம் போய்ச் சில வருடம் கழித்து வரக்கூடிய தொகை. அதுவரை ஷெட்டில் நிற்கும் வண்டிக்குப் பில் கட்டுவது நீங்கள்.

இரண்டாவது பக்கம், அடிபட்ட மூன்றாம் நபரும் வண்டிக்குள் இருந்த பயணிகளும். இதுதான் வீட்டை விற்க வைக்கும் பக்கம். வாடகைப் பர்மிட் இல்லாத வண்டி வாடகைக்கு ஓடியது என்பது சட்டமே கம்பெனிக்குக் கொடுத்திருக்கும் தற்காப்பு: இப்போது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 150, 2022 ஏப்ரலுக்கு முன் பிரிவு 149. பர்மிட் இல்லாமல் ஓடியது அடிப்படை மீறல் என்று 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் "கொடுத்துவிட்டு வசூல் செய்து கொள்" என்று உத்தரவு போடும். கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கட்டிவிட்டு, அதே வழக்கில் நிறைவேற்று மனு போட்டு உரிமையாளரின் சொத்தை ஜப்தி செய்யலாம். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்தால் வருமானம், வயது, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை வைத்துக் கணக்குப் போடும்போது தொகை பல லட்சத்தில் வரும். வாடகை வாங்கியது டிராவல்ஸ்காரராக இருந்தாலும் ஆர்.சி.யில் பேர் உங்களுடையது. நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

"யாருக்குத் தெரியப் போகிறது" என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பயணிகள் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் கொடுக்கும் வாக்குமூலத்திலேயே "வாடகைக் காரில் போனோம்" என்று வந்துவிடும். அது எஃப்.ஐ.ஆரில் ஏறும். அதற்கு மேல் இன்வெஸ்டிகேட்டர் பார்ப்பது: ஓட்டியவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, பயணிகளுக்கும் உங்களுக்கும் என்ன உறவு, கூகுள் பே வரவு, வாட்ஸ்அப்பில் டிரிப் ஷீட், சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவு. ஈரோட்டு ஜவுளிக்காரர் வண்டியில் அவருக்கு முன்பின் தெரியாத ஆறு பேர் பழநி போய்க்கொண்டிருந்தால், அதற்கு ஏற்றுக்கொள்ளத்தக்க விளக்கம் எதுவும் இல்லை. ஐந்து சீட் வண்டியில் ஆறு பேர் என்பது தனி மீறல்.

சரக்கு விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பிரிவு 150-ல் கம்பெனிக்குள்ள தற்காப்புப் பட்டியலில் பர்மிட் இல்லாத வாடகை ஓட்டம், ரேஸ் போன்றவை இருக்கின்றன. பிரைவேட் காரில் சொந்தச் சரக்கு ஏற்றியது என்று தனியாக இல்லை. அதனால் பண்டல் ஏற்றிப் போகும்போது ரோட்டில் ஒருவர் அடிபட்டால், அந்த இழப்பீட்டிலிருந்து கம்பெனி நழுவுவது கடினம். அடி விழுவது உங்கள் வண்டிச் சேதக் கிளைமில். சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் போட்டோவில் பின்சீட் மடித்திருப்பதும் பண்டலும் தெரிந்தால் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். பண்டலுக்கு உள்ள சேதம் எந்தக் கார் பாலிசியிலும் வராது; அதற்கு மெரைன் இன்லாண்ட் டிரான்சிட் பாலிசி வேறு.

---

ஈரோடு_ஜவுளி

ரொம்ப நன்றிங்க. 28, 29 இரண்டும் கண்டிப்பாகச் சேர்க்கிறேன். ஞாயிறு டிரிப் சட்டப்படி செய்ய வேண்டும் என்றால் மஞ்சள் போர்டு மாற்ற என்ன செலவு, என்ன நடைமுறை? டெலிவரிக்கு என்ன வழி?

---

பரிவாகன்_வழிகாட்டி

முதலில் இன்ஷூரன்ஸ் கணக்கு, அதுவே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும். தேர்டு பார்ட்டி பிரீமியம் அரசு அறிவிப்பது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் வந்த அட்டவணைப்படி 1000-லிருந்து 1500 சிசி வரை உள்ள பிரைவேட் காருக்கு 3,416 ரூபாய். அதே சிசியில் ஆறு பயணிகள் வரை ஏற்றும் வாடகைக் காருக்கு அடிப்படை 7,940, அதோடு அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் 978. உங்கள் வண்டிக்கு டிரைவர் போக நாலு பயணிகள்: 3,912 சேர்த்தால் 11,852. இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் ஏறக்குறைய 4,031-க்கும் 13,985-க்கும் உள்ள வித்தியாசம், வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஓன் டேமேஜ் பகுதியும் வாடகை வண்டிக்கு அதிகம். 45 சதவீத நோ கிளைம் போனஸ் பிரைவேட் கார் வகையில் சேர்ந்தது. அதே வகை வண்டிக்குத்தான் மாறும், டேக்ஸி பாலிசிக்கு வராது. போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், காலக்கெடுவுக்குள் வேறு பிரைவேட் கார் வாங்கும்போது பயன்படும்.

நடைமுறை: அரசின் பரிவாகன் தளத்தில் வாகன வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். லோன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி. இல்லாமல் தொட மாட்டார்கள். சில பேங்க் வாடகை வண்டிக்கு மாற்றவே சம்மதிப்பதில்லை, அதை முதலில் கேளுங்கள். வரி வித்தியாசம் கட்ட வேண்டும். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், பிறகு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். எஃப்.சி.க்குப் போகும்போது ஜி.பி.எஸ். கருவி, அவசரப் பொத்தான், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் பார்ப்பார்கள். ஆர்.சி.யில் மோட்டார் கேப் (டேக்ஸி) என்று மாறிய பிறகு பர்மிட். நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்து.

இதில் தப்பு நடக்கும் இடம், ஆர்.சி. மாறும் நாளுக்கும் பாலிசி மாறும் நாளுக்கும் நடுவில். ஆர்.சி. மோட்டார் கேப் ஆகிவிட்டது, கையில் உள்ளது பிரைவேட் பாலிசி என்றால் உங்களுக்குச் சரியான கவர் இல்லை. புது ஆர்.சி. கைக்கு வந்த அன்றே கம்பெனிக்கு அனுப்பி, வண்டியை இன்ஸ்பெக்ஷன் செய்ய வைத்து, பயணிகள் வாகனப் பாலிசியாக மாற்றி வாங்குங்கள். பழைய பாலிசியின் மீதி நாளுக்கு உள்ள பிரீமியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பர்மிட்டும் புதுப் பாலிசியும் கையில் வரும்வரை ஒரு டிரிப்கூட எடுக்கக் கூடாது. பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் பிரிவு 192ஏ-படி முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

"ஓட்டுபவர் வேண்டாம், வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுக்கிறேன்" என்ற செல்ஃப் டிரைவ் யோசனையும் வெள்ளை போர்டில் ஆகாது. 1989 ரென்ட்-எ-கேப் திட்டத்தில் லைசென்ஸ் எடுக்கக் குறைந்தது 50 வண்டி வேண்டும். அந்த வண்டிகளுக்குக் கறுப்பில் மஞ்சள் எழுத்துப் பிளேட். தனி ஆளுக்கான வழி இல்லை அது.

வெறும் ஞாயிற்றுக்கிழமை டிரிப்புக்காக மாற்றுவது என் பார்வையில் கட்டுப்படியாகாது. மறுவிற்பனை விலையும் இறங்கும். டிராவல்ஸ்காரர் மஞ்சள் போர்டு வண்டி வைத்தே ஓட்டட்டும்.

டெலிவரிக்குச் சின்ன லோடு வண்டிதான் முறையான வழி. டாடா ஏஸ், ஈகோ கார்கோ, சூப்பர் கேரி போன்றவை மொத்த எடை 3,000 கிலோவுக்குள் வருவதால் பிரிவு 66-படி பர்மிட் தேவையில்லை. எஃப்.சி., மஞ்சள் பிளேட் உண்டு. தேர்டு பார்ட்டி பிரீமியம் கூலிக்குச் சரக்கு ஏற்றும் வகையில் 7,500 கிலோ வரை 16,049 ரூபாய். சொந்தச் சரக்கு மட்டும் என்று பதிந்தால் ஏறக்குறைய பாதி. அப்படிப் பதிந்த வண்டியில் பக்கத்துக் கடைக்காரர் சரக்கைக் காசுக்கு ஏற்றினால் மறுபடி இதே சிக்கல்.

லோடு வண்டிக்கு ஒரு எச்சரிக்கை: சரக்கு வாகனப் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பக்கவாட்டுப் பாகம், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்குத் தனிச் சேதம் வராது, முழு வண்டியும் போனால்தான் கணக்கு. ஐ.எம்.டி. 23 சேர்த்தால் வரும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடும். டவுனுக்குள் ஓடும் வண்டிக்கு நடக்கிற சேதம் பெரும்பாலும் பம்பரும் விளக்கும்தான், அதனால் விடாதீர்கள்.

---

கணக்குப்_பிள்ளை

வரிப் பக்கம் சுருக்கமாக. காருக்கும் அதன் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை ஜவுளி வியாபாரி இன்புட் கிரெடிட் (தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 17(5) தடுக்கிறது. டிரைவர் சேர்த்து 13 சீட் வரை உள்ள பயணிகள் வண்டிக்கு இந்தத் தடை. டேக்ஸித் தொழில், டிரைவிங் ஸ்கூல் போன்றவர்களுக்கு விலக்கு. சரக்கு வண்டிக்குத் தடை இல்லை. மேலே சொன்ன லோடு வண்டி வாங்கினால் வண்டி விலையிலும் இன்ஷூரன்ஸிலும் கட்டிய ஜி.எஸ்.டி. கிரெடிட் வரும். கணக்கில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கார் பிரீமியத்தை வியாபாரச் செலவாகக் காட்டலாம், சொந்த உபயோகத்துக்கு உள்ள பங்கைக் கழித்துவிட்டு.

பின்னால் பிரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. கார் உங்கள் பேரில் இருக்க, கம்பெனி உங்களுக்கு மாத "கார் வாடகை" கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதுவார்கள். அந்தத் தாள் நாளைக்கு கிளைமில் "வாடகைக்கு விட்டது" என்று திரும்பும். கிலோமீட்டர் கணக்கில் செலவைத் திருப்பித் தருவதாக வைப்பது நல்லது. குத்தகைதான் வேண்டும் என்றால் பாலிசியில் ஐ.எம்.டி. 6 பதிய வைக்க வேண்டும். காரையே கம்பெனி பேருக்கு மாற்றினால் ஓனர்-டிரைவர் 15 லட்சம் கவர் போய்விடும், அது தனிநபர் உரிமையாளருக்கு மட்டும். அப்போது ஓட்டுபவருக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் ஐ.எம்.டி. 17, 16 வழியாகத் தனியாகப் போட வேண்டும்.

---

ஈரோடு_ஜவுளி

புரிந்ததுங்க. டிராவல்ஸ்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். டெலிவரிக்கு இப்போதைக்கு லோடு ஆட்டோ, பிறகு ஈகோ கார்கோ. ஒரே ஒரு சந்தேகம்: காரில் சாம்பிள் எவ்வளவு வரை வைக்கலாம் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டால் பதில் வருமா?

---

பாலிசி_ஷெட்யூல்

கிலோ இத்தனை என்று எழுதித் தர மாட்டார்கள். ஆனால் கேட்டு வைத்த மெயில் உங்களுக்கு ஆதாரம். "பிரைவேட் காரில் ஜவுளி சாம்பிள் எடுத்துக்கொண்டு ஆர்டர் எடுக்கச் செல்கிறோம், சம்பள ஊழியர்கள் இரண்டு பேர் பயணிப்பார்கள், அதில் ஒருவர் ஓட்டுவார், ஐ.எம்.டி. 28, 29 சேர்க்கவும்" என்று ரினியூவலுக்கு முன்பே கிளைக்கு அனுப்புங்கள். ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகாது. சாம்பிள் பையில் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பீஸ், விலைப் பட்டியல், டெலிவரி சலான் என்றால் "விற்பனைக்கல்ல, சாம்பிள்" என்று எழுதியது. இன்வாய்ஸ் போட்ட சரக்கு ஒன்றுகூட அதோடு ஏறக் கூடாது.

விபத்து நடந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் உள்ளேயும் போட்டோ எடுங்கள், அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி நம்பர் வாங்குங்கள், யாராவது அடிபட்டிருந்தால் போலீஸ் புகார் கட்டாயம். கிளைம் ஃபாரத்தில் "எதற்காகச் சென்றீர்கள்" என்ற கட்டத்தில் வியாபாரம் தொடர்பாக, சாம்பிளோடு என்று உள்ளதை எழுதுங்கள். அங்கே "சொந்த வேலை" என்று பொதுவாக எழுதிவிட்டு எஃப்.ஐ.ஆரில் வேறு மாதிரி இருந்தால், கவர் ஆக வேண்டிய கிளைமே தகவல் முரண்பாடு என்று நிற்கும். மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம்.